உட்காராத சின்னண்ணன்

அத்தியாயம் 4

ஆள் பொய் சொல்கிறானா இல்லையா என்பதை ஊசி போட்டே கண்டுபிடித்துவிடலாம் என்று தீனதயாளன் சொன்னார். நானும் பெரிய மேதாவி மாதிரி தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

என் பெயர் மாரி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில், மிளகாய் மண்டிக்கு மேலே இருக்கும் பிரபா துப்பறியும் நிலையத்தில் உதவியாளன். எங்களைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் கண்ணீரோடுதான் படியேறுவார்கள். துக்கம் ஒன்றும் இல்லை, மிளகாய் நெடி. முதலாளி பிரபா அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. பதினெட்டு வருஷம் லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து டிரைவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுக் கேட்டுப் பழுத்தவர். போனில் ஒருவன் 'பஞ்சருங்க' என்றால், அது எந்த ஊர் பரோட்டாக் கடை வாசலில் ஆன பஞ்சர் என்று சொல்லிவிடுவார்.

தீனதயாளன் ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் சேலம் கிளை அதிகாரி. அடிபட்டவர்கள் அனுப்பும் விண்ணப்பங்களில் எது நிஜம், எது டூப்பு என்று பிரிப்பது அவர் வேலை. அவரைப் பொறுத்தவரை செத்தவன் நேரில் வந்து சொன்னால்கூட டூப்புதான்.

அந்த மனிதருக்கு ஒரு பழக்கம். கோப்புகள் இருக்கும் இரும்பு பீரோவின் சாவியை யாரிடமும் கொடுக்கமாட்டார், மேசையிலும் வைக்கமாட்டார். இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடியில் கோத்துக் கட்டியிருக்கிறார். பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் அதைக் கழற்றுவாரா? அதுவும் மாட்டார். சட்டையைத் தூக்கி, முழங்காலை மடக்கி, தொந்தியைப் பீரோவோடு ஒட்டிவைத்துக்கொண்டு பூட்டைத் திருகுவார். பார்க்கிறவனுக்கு, மனிதர் பீரோவின் காதில் ரகசியம் பேசுகிற மாதிரி இருக்கும். போன சித்திரையில் ஒரு எரிந்துபோன லாரி கேஸுக்காக நாங்கள் போயிருந்தபோது இதைச் செய்துவிட்டு, "ஐயோ அம்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் முனகினார்.

இந்தத் தடவை முனகல் இல்லை. வெண்ணெய் மாதிரி வளைந்தார், திறந்தார், கோப்பை எடுத்தார், நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"யோகா," என்றார், நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து. "தினம் அரை மணி நேரம். நீயும் பண்ணுப்பா."

நல்ல புத்தி சொல்கிறாரே என்று அதற்கும் தலையாட்டினேன்.

கோப்பில் இருந்த ஆள் பெயர் சின்னண்ணன். வயது நாற்பத்தாறு. திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் ரிக் வண்டியில் வேலை. எட்டு மாதத்துக்கு முன்னால் மத்தியப் பிரதேசத்தில், வண்டி மேலிருந்து இரும்பு ராடுகளை இறக்கும்போது தவறி விழுந்திருக்கிறார். அன்றிலிருந்து இடுப்பு வலி.

"எக்ஸ்ரே நல்லாருக்கு, ஸ்கேன் நல்லாருக்கு, ஆள் மட்டும் நல்லா இல்லையாம்," என்றார் தீனதயாளன். "உட்காரவே முடியலையாம். சரி, சோதிச்சுடுவோம்னு நம்ம கம்பெனி செலவுல அயோத்தியாப்பட்டணத்துக்கு அனுப்பினேன். டாக்டர் அறிவழகன், வலிக்குன்னே கிளினிக் வெச்சிருக்கார். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேர்ற மூட்டுல, எக்ஸ்ரே மிஷின்ல பார்த்துக்கிட்டே ஊசியை இறக்கி, மரத்துப்போற மருந்தும், மாசக்கணக்குல வலியை அமுக்கற மருந்தும் சேர்த்துப் போடுவாங்க. வலி அங்கேருந்து வந்தா ரெண்டு மணி நேரமாவது அடங்கணும். இவனுக்குக் கடுகளவும் அடங்கலை. அப்ப என்ன அர்த்தம்?"

"நடிக்கிறான்," என்றேன் நான்.

"கெட்டிக்காரன்!" என்றார். "அதையே பத்து நாள்ல போட்டோ, வீடியோவோட எழுதிக் கொடுத்துடுங்க. வெளியாள் ரிப்போர்ட் ஒண்ணு இருந்தாத்தான் ஃபைலை மூட முடியும். மூடிட்டா வைத்தியமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ரிக் முதலாளியும் வேலைக்கு வா, இல்லைன்னா போன்னுட்டார்."

பிரபா அக்கா கோப்பைப் புரட்டினார். டாக்டரின் அறிக்கை ஒரே ஒரு தாள். கீழே 'படம் இணைப்பில்' என்று இருந்தது. இணைப்பைக் காணோம்.

"படம் எங்க சார்?"

"படமெல்லாம் எதுக்கு மேடம்? ரிசல்ட்தான் இருக்கே."

அக்கா கோப்பை மூடிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த மூன்று நாள் நான் சின்னண்ணனின் நிழலாக அலைந்தேன். டீக்கடையில் பெஞ்சு காலியாக இருக்க நின்றுகொண்டே டீ குடித்தார். திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி வரைக்கும் டவுன் பஸ்ஸில், பாதிக்குமேல் காலி சீட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். இதையாவது விடலாம். மூன்றாம் நாள் சலூனுக்குப் போனார். அங்கேயும் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார், அந்த முடிவெட்டுகிறவர் பலகை மேல் ஏறி நின்று அவருக்குச் சவரம் செய்தார். நான் எதிர்க் கடையில் சிரித்துச் சிரித்து டீயைக் கீழே கொட்டிவிட்டேன்.

ஆபீசுக்கு வந்து வீடியோவைக் காட்டினேன். "என்னா நடிப்புக்கா! ஒரு இடத்துலயாவது மறந்து உட்காரணுமே? ஆள் பலே கில்லாடி."

"நீ பின்னாடி வர்றது அவருக்குத் தெரியுமா?"

"என்னைக் கண்டுபிடிக்க இன்னொருத்தன் பொறந்து வரணும்."

"அப்ப கம்பெனி ஆள் யாரும் இல்லாத இடத்துல யாருக்குடா நடிக்கிறாரு?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"மூடு, மிளகாய்த் தூள் போயிடும்," என்றார் அக்கா. "கிளம்பு. நேர்லயே கேட்டுடலாம்."

*

சின்னண்ணனின் வீடு ஊருக்குக் கடைசியில், ஒரு கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் இருந்தது. ஓட்டு வீடு. வாசலில் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று அக்கா ஒளிக்காமல் சொன்னார். மனிதர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மனைவி ஆத்தாயியைப் பார்த்து, "அம்மிணிக்கும் தம்பிக்கும் மோர் குடு," என்றார்.

ஆத்தாயி மோரைக் கொடுத்துவிட்டு எங்கள் முகத்தையே பார்த்தார். "ஏனுங்க, நீங்களும் நடிப்புன்னுதான் எழுதப்போறீங்களா?"

"நீங்க என்னங்க நினைக்கிறீங்க?" என்று அக்கா திருப்பிக் கேட்டார்.

அந்த அம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அவ்வளவு பெரிய டாக்டரே எழுதிக் குடுத்துப்போட்டாருங்களே. நானும் ஒரு நாளு புத்திகெட்டுப்போயி கேட்டுப்போட்டனுங்க, நெசமாலுமே வலிக்குதான்னு."

"அன்னைக்கிருந்து இவகிட்ட வலிக்குதுன்னு சொல்றதில்லீங்க," என்றார் சின்னண்ணன். "பொய்யன்னு ஊரு சொல்லட்டும் அம்மிணி, போகட்டும். ஊட்டுக்குள்ளயே கேட்டா என்னங்க பண்றது?"

நான் மோரைக் கீழே வைத்துவிட்டேன். நடிப்பு என்று முதல் நாளே சர்டிபிகேட் கொடுத்த புண்ணியவான் நான்தான்.

"அந்த ஊசி போட்ட அன்னைக்கு என்னென்ன நடந்துச்சுங்கண்ணா? ஒண்ணு விடாம சொல்லுங்க," என்றார் அக்கா.

"ஆகஸ்ட் பத்தொம்போதுங்க, செவ்வாய்க்கிழமை. காலையில வெறும் வயித்துல வரச் சொன்னாங்க. போனனுங்க. பெரிய மிஷின் இருக்கற ரூமு சாத்தியிருந்துச்சு. உள்ள ஆளு படுத்திருக்காருன்னு வெளியவே நிறுத்திப்போட்டாங்க. ரூமு வாசல்ல பளபளன்னு ஒரு சோடி சூ கெடந்துச்சுங்க, அதைப் பாத்துட்டே நின்னேன். அப்புறம் டாக்டரே வெளிய வந்தாரு. சட்டையைத் தூக்குன்னாரு, இடுப்புல இத்தனூண்டு ஊசி, எறும்பு கடிச்சாப்புல. அவ்வளவுதானுங்க, போன்னுட்டாரு."

"படுக்க வெக்கலையா?"

"இல்லீங்க. நின்னமானிக்கே போட்டுட்டாரு."

"மிஷினுக்குக் கீழ?"

"மிஷினை நான் கண்ணால பாக்கலீங்க, அம்மிணி."

அக்கா என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது போல நானும் பார்த்தேன். பிறகு அவரே சொன்னார்: "மாரி, வீட்டுல எங்கயோ ஒயர் கருகுற வாடை வருது. எங்கன்னு தெரியலை. எலெக்ட்ரீஷியன் என்ன பண்ணுவாரு?"

"காசு கேப்பாரு."

"அதுக்கப்புறம்?"

"ஒவ்வொரு ஃபியூஸா புடுங்கிப் பார்ப்பாரு. எதைப் புடுங்கினா வாடை நிக்குதோ அந்த லைன்லதான் கோளாறு."

"அதேதான் இந்த ஊசியும். வலி எந்த லைன்ல வருதுன்னு பார்க்கற ஊசி. ஃபியூஸைப் புடுங்கியும் வாடை நிக்கலைன்னா வேற லைன்ல கோளாறுன்னு அர்த்தம். வாடையே பொய்னு எந்த எலெக்ட்ரீஷியனாவது சொல்லுவானா? அதுலயும் இவன் ஃபியூஸ் பெட்டிகிட்டயே போகலை. வாசல்ல நின்னு சுவத்தைத் தட்டிட்டு, வீட்டுக்காரன் பொய்யன்னு எழுதிக் கொடுத்திருக்கான்." அவர் சின்னண்ணன் பக்கம் திரும்பினார். "உங்க படத்தோட காப்பி வேணும்னு ஒரு லெட்டர் எழுதித் தாங்க. நீங்களும் கூட வாங்க. உங்க இடுப்பு, உங்க படம். தரமாட்டேன்னு சொல்ல முடியாது."

"வாரேனுங்க," என்றார். பஸ்ஸில் சேலம் வரைக்கும், அங்கிருந்து அயோத்தியாப்பட்டணம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். நான் எழுந்து சீட்டைக் காட்டினேன். என்ன மடத்தனம் என்று உடனே உறைத்தது. உட்கார்ந்துகொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தேன்.

*

'இனி நோவில்லை பெயின் கிளினிக்' என்று பச்சையும் சிவப்புமாகப் பலகை. உள்ளே சுவர் நிறைய முதுகெலும்புப் படங்கள். எல்லாப் படத்திலும் ஒரு வெள்ளைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். வலி வந்தால் இப்படிச் சிரிக்க வேண்டும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

டாக்டர் அறிவழகனுக்கு ஐம்பது வயது இருக்கும். தலைக்கு மை, கைக்கு மோதிரம், பேச்சுக்கு மைக் வைத்த தொனி.

"நவீன வைத்தியம் பொய் சொல்லாது மேடம்," என்றார். "மூட்டுக்குள்ள மருந்து போயிருக்கு. வலி குறையலை. அப்ப அந்த வலி இடுப்புல இல்லை, மண்டையில இருக்கு."

"மண்டைக்கும் ஊசி உண்டுங்களா டாக்டர்?" என்று கேட்டேன். "எங்க ஏரியாவுல சில பேருக்குத் தேவைப்படுது."

அவர் என்னைத் தூசு மாதிரி பார்த்தார். அக்கா சின்னண்ணனின் கடிதத்தை மேசையில் வைத்தார். "ஊசி போட்டப்ப எடுத்த படம், காப்பி வேணும்."

"அதெல்லாம் பழசு. தேடணும்."

"ஒரு மாசம்தானே ஆகுது? நாங்க காத்திருக்கோம். இவருக்கு நாற்காலிகூட வேணாம்."

கடிதத்தில் பேஷன்ட்டின் கையெழுத்து, எதிரில் பேஷன்ட்டே நிற்கிறார். டாக்டருக்கு வேறு வழியில்லை. "ஜோதி!" என்று கத்தினார். நர்ஸ் ஜோதி வந்தார், கம்ப்யூட்டரில் தேடினார், ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். டாக்டர் முகத்தில் ஒரு நிம்மதி. படம் இருக்கிறதே! பெயர் சின்னண்ணன், தேதி ஆகஸ்ட் பத்தொன்பது, நடுவே இடுப்பெலும்பு, மூட்டுக்குள் நூல் பிடித்த மாதிரி ஊசி.

"பாருங்க. மருந்து சரியான இடத்துல இறங்கியிருக்கு. சந்தேகம் தீர்ந்ததா?"

நான் எட்டிப் பார்த்தேன். எலும்புக்கு முகமா இருக்கிறது, அடையாளம் காட்ட? எல்லா இடுப்பும் ஒரே இடுப்புதான். தொலைந்தது கேஸ் என்று நினைத்தேன்.

அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "இது என்ன டாக்டர்?"

எலும்புப் படத்தின் ஓரத்தில், சங்கிலித் துண்டு ஒன்றும், அதன் முனையில் ஒரு சாவியும் தொங்கின. நிழல் மாதிரி இல்லை, அச்சடித்தது போலப் பளிச்சென்று. சாவியின் தலை மூன்று இதழாக விரிந்திருந்தது. கீழே இரண்டு பல்.

டாக்டர் ஒரு விநாடி தயங்கிவிட்டுச் சிரித்தார். "அதுவா! இந்தப் பக்கத்து ஆம்பளைங்க சமாச்சாரம் உங்களுக்குத் தெரியாததா? அரைஞாண் கொடியில தாயத்து, முள்வாங்கி, பெட்டிச் சாவின்னு எதையாவது கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு வருவாங்க. கழட்டச் சொன்னா சண்டைக்கு வருவாங்க. நாங்க என்ன பண்றது? இதுவே ஆதாரம் மேடம், நம்ம ஊர் ஆள் படம்தான்னு!"

பேச்சில் வென்றுவிட்ட களிப்பில் நாற்காலியில் சாய்ந்தார். அக்கா திரும்பினார். "ஏனுங்கண்ணா, உங்க அரைஞாண்ல என்ன கட்டியிருக்கீங்க?"

சின்னண்ணன் கூச்சத்தோடு சட்டையை லேசாகத் தூக்கினார். கறுப்புக் கயிறு, அவ்வளவுதான்.

"ரிக்குல வேலை செய்யறவன் இடுப்புல இரும்பு, வெள்ளி எதுவும் கட்டக்கூடாதுங்க. ராடு சுத்தறப்ப மாட்டிக்கிச்சுன்னா ஆளையே இழுத்துப்போடும். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே எங்க மேஸ்திரி கொடியை வாங்கி வெச்சுக்கிட்டு, கயித்தைக் கட்டிவிட்டாருங்க. இருவது வருசமாச்சு."

"அன்னைக்கு மட்டும் கட்டியிருந்திருப்பார்," என்றார் டாக்டர்.

"எங்கூட்ல பீரோவே இல்லீங்களே சாமி," என்றார் சின்னண்ணன். "சாவிக்கு நான் எங்க போறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. முப்பது வருஷம் படித்த படிப்பை, வீட்டில் பீரோ இல்லாத ஒருவர் ஒரே வார்த்தையில் மடக்கிவிட்டார்.

"படம் மாறியிருக்கும்," என்றார் டாக்டர். குரலில் இருந்த மைக் போய்விட்டது. "டெக்னீஷியன் தப்பு. வேற பேஷன்ட் படம் இவர் பேர்ல ஏறியிருக்கும்."

"இருக்கலாம்," என்றார் அக்கா தன்மையாக. "ஜோதி, அன்னைக்கு மிஷின்ல எத்தனை பேருக்கும்மா ஊசி போட்டீங்க?"

ஜோதி டாக்டரைப் பார்த்தார். பிறகு சின்னண்ணனைப் பார்த்தார். அன்றைக்கு இந்த மனிதர் வெறும் வயிற்றோடு வாசலில் நின்றது அந்தப் பெண்ணுக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

"ஒருத்தருக்குத்தான் மேடம். மிஷினுக்குள்ளயே கணக்கு இருக்கு. அன்னைக்கு ஒரே கேஸ்தான்."

"ஜோதி!" என்று டாக்டர் அதட்டினார்.

"என்னை அதட்டாதீங்க சார். சாவியைக் கழட்டச் சொல்லுங்கன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன். நீங்கதான் பெரிய இடம், விடுன்னீங்க. உயிரே போனாலும் கழட்டமாட்டேன்னார் அந்த ஆளு."

"யாரும்மா அந்த ஆளு?"

"பேர் சொல்லலை மேடம். ரிஜிஸ்டர்ல சின்னண்ணன்னுதான் எழுதச் சொன்னாங்க."

டாக்டர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். மோதிரம் நெற்றியில் உரசியது. அவர் அந்த ஆளின் பெயரைச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அக்காவோ எழுந்துவிட்டார்.

"என்னக்கா, கேக்காம வர்றீங்க?" என்றேன் படியில்.

"எதுக்குடா கேக்கணும்? நீயும் நானும் பார்த்த சாவிதானே!"

"நான் எங்க பார்த்தேன்?"

"நீ தொந்தியைப் பார்த்துக்கிட்டிருந்தே," என்றார் அக்கா, போனை எடுத்துக்கொண்டே. மறுமுனையில் எடுத்தவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "சார், ரிப்போர்ட் ரெடி. ஃபைலை மூடிடலாம். நேர்ல வர்றோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் நான் செய்த முதல் காரியம், யோகா என்றதும் தலையாட்டிய அந்தத் தலையில் ஒரு குட்டு வைத்ததுதான்.

*

தீனதயாளன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். சின்னண்ணனை அக்கா கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்.

"சபாஷ் மேடம்! நடிப்புதானே?"

"சுத்தமான நடிப்பு சார். இந்த மாதிரி நடிப்பை நான் பார்த்ததே இல்லை," என்றார் அக்கா. "முடிக்கறதுக்கு முன்னாடி ஒரிஜினல் ஃபைல்ல ஒரு தேதியைச் சரிபார்க்கணும். எடுத்துத் தர்றீங்களா?"

"இதோ!"

துள்ளி எழுந்தார். பீரோவிடம் போனார். சட்டையைத் தூக்கினார், முழங்காலை மடக்கினார், தொந்தியை ஒட்டினார், சாவியைப் பூட்டுக்குள் விட்டார். ஒரு 'அம்மா' இல்லை, ஒரு முனகல் இல்லை. அவர் திருகப்போகும் நேரத்தில் அக்கா அந்தப் படத்தைப் பீரோக் கதவில், பூட்டுக்குப் பக்கத்தில், அவர் மூக்குக்கு நேராக வைத்துப் பிடித்தார்.

"தேதி ஆகஸ்ட் பத்தொன்பது சார். சரியா இருக்கா?"

அவர் படத்தைப் பார்த்தார். படத்தில் இருந்த மூன்று இதழ் சாவியைப் பார்த்தார். பூட்டில் இருந்த மூன்று இதழ் சாவியைப் பார்த்தார். பின்வாங்கப் பார்த்தார், முடியவில்லை. பாதி திருகிய சாவி பூட்டில் இறுகிவிட்டது. கொடி சாவியைப் பிடித்திருந்தது, இடுப்பைக் கொடி பிடித்திருந்தது. தப்பித்து ஓடுவதென்றால் பீரோவையும் இழுத்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.

"நல்ல யோகா சார்," என்றேன். "எந்த ஊர்ல கத்துக்கிட்டீங்க? அயோத்தியாப்பட்டணமா?"

"இந்த மாதிரி சாவி ஊருக்குள்ள ஆயிரம் இருக்கும்!" என்று பீரோவைப் பார்த்துக் கத்தினார்.

"இருக்கும். ஆனா போன சித்திரையில இதே பீரோகிட்ட ஐயோ அம்மான்னு நின்ன இடுப்பு ஒண்ணுதான்," என்றார் அக்கா. "நர்ஸைக் கூப்பிட்டு உங்களைக் காட்டட்டுமா? வேணாம், நானே சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. உங்களுக்கு இடுப்பு வலி. சின்னண்ணன் பேர்ல கம்பெனி ஊசிக்கு அனுமதி குடுத்துச்சு. மிஷின்ல நீங்க படுத்தீங்க. உங்களுக்கு மருந்து மூட்டுல இறங்குச்சு, வலி போச்சு. வாசல்ல நின்னவருக்குத் தோல்ல ஒரு குத்து, வலி போகலை. போகாததையே வெச்சு அவரைப் பொய்யன்னு எழுதினீங்க. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. கையெழுத்துப் போட எங்க மாதிரி ரெண்டு இளிச்சவாய்."

'ரெண்டு' என்று அவர் தன்னையும் சேர்த்துச் சொன்னது பெருந்தன்மை. அந்தப் பட்டம் முழுக்க எனக்கு உரியது.

"ஏன் சார் இந்த ஈனப் பிழைப்பு? லீவு போட்டு உங்க பேர்லயே போய் படுத்திருக்கலாமே?"

தீனதயாளன் நெற்றியைப் பீரோவில் சாய்த்துக்கொண்டார். அதிகாரி குரல் இல்லை, களைத்துப்போன குரல்.

"ஆபீஸ்ல எப்படி மேடம் சொல்றது? எக்ஸ்ரே நல்லாருக்கு, ஸ்கேன் நல்லாருக்கு. ரெண்டு வருஷமா உட்காந்தா உயிர் போச்சு. இடுப்பு வலின்னு லீவு எழுதினா யாரு நம்புவாங்க? நடிக்கிறான்னுதான் சொல்லுவாங்க. என்கிட்ட வேற ஒருத்தன் வந்து சொல்லியிருந்தா நானே நம்பியிருக்கமாட்டேன்."

பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. மறுகணமே என் மேலேயே எரிச்சல் வந்தது. வலி என்றால் என்னவென்று ரெண்டு வருஷம் அனுபவித்துத் தெரிந்துகொண்டவர், அதே வலியோடு வாசலில் நின்றவரைப் பார்த்து நடிகன் என்று எழுதியிருக்கிறார். தெரியாதவன் செய்தால் மடத்தனம், தெரிந்தவன் செய்தால் அயோக்கியத்தனம்.

"மாரி, அண்ணனைக் கூப்பிடு," என்றார் அக்கா.

சின்னண்ணன் உள்ளே வந்தார். பீரோவோடு ஒட்டிக்கிடந்த அதிகாரியைப் பார்த்துவிட்டு, மரியாதைக்குத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் கண் அறையைச் சுற்றிவந்து, மேசைக்கு அடியில் தெரிந்த பளபளக்கும் கறுப்பு ஷூவில் நின்றது. ஒரு மாதத்துக்கு முன்னால் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஷூ. அவருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எங்க ரிப்போர்ட் உங்க மெட்ராஸ் ஆபீசுக்கு நேராப் போகுது, படத்தோட," என்றார் அக்கா. "அதுக்கு முன்னாடி நீங்க ஒரு லெட்டர் எழுதறீங்க. இவருக்கு ஊசியே போடலை, வேற நல்ல டாக்டர்கிட்ட மறுபடி முறையா சோதிக்கணும்னு. உங்க கையெழுத்துல."

"எழுதறேன் மேடம். இப்பவே எழுதறேன்."

பேனாவை நான் கொடுத்தேன். அவர் பீரோக் கதவிலேயே தாளை வைத்து, ஒட்டிக்கொண்டு நின்றபடியே எழுதினார். கையெழுத்துப் போட்டு நீட்டினார். அக்கா படித்துப் பார்த்துவிட்டு அதைச் சின்னண்ணனிடம் கொடுத்தார். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார்.

"ஊட்ல காட்டோணுமுங்க," என்றார்.

அப்போதுதான் தீனதயாளனுக்குத் திடீரென்று மரியாதை ஞாபகம் வந்தது. எட்டு மாதமாக 'அவன், இவன்' என்று பேசிய வாய், கூழைக் கும்பிடு போட்டது.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே. உட்காருங்க, சின்னண்ணன்."

சின்னண்ணன் நாற்காலியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"முடியாதுங்க," என்றார். "அதைத்தானுங்க சாமி எட்டு மாசமா சொல்லிட்டிருக்கறேன்."